மாரெட்பள்ளியிலிருந்து பண்டாரத்தார் ஐயாவுக்கு

மதிப்பிற்குரிய தி. வை. சதாசிவ பண்டாரத்தார் ஐயா அவர்களுக்கு,

செகந்திராபாத், மேற்கு மாரெட்பள்ளியிலிருந்து ஒரு வாசகி எழுதுகிறேன். நீங்கள் 1960 ஜனவரியில் மறைந்துவிட்டீர்கள். இந்த மடலை எந்தத் தபால்காரரும் உங்களிடம் கொண்டுவந்து கொடுக்கப் போவதில்லை. தெரிந்தேதான் எழுதுகிறேன். உங்களுக்குக் கடன்பட்டவர்கள் ஏராளம், அவர்களில் முக்கால்வாசிப் பேர் உங்கள் பெயரைக்கூடக் கேட்டதில்லை. ஊரறியச் சொன்னால் சிலர் காதிலாவது விழட்டும்.

எங்கள் ஊரைப் பற்றி இரண்டு வார்த்தை. 1806இல் வெள்ளைக்காரர்கள் அமைத்த செகந்திராபாத் படைக் குடியிருப்பை ஒட்டி வளர்ந்தது மாரெட்பள்ளி. மதராஸ் படையோடு வந்தவர்கள், ரயில்வேக்கு வந்தவர்கள், பின்னால் வங்கிக்கும் அலுவலகத்துக்கும் வந்தவர்கள் என்று தமிழர்கள் தலைமுறைகளாக இங்கே இருக்கிறோம். நவராத்திரி வந்தால் கொலு. சஷ்டி வந்தால் பக்கத்துப் பத்மாராவ் நகரில் ஸ்கந்தகிரி முருகன். பிள்ளைகள் பள்ளியில் தெலுங்கும் இந்தியும் படிப்பார்கள். வீட்டில் தமிழ் பேசுவார்கள், எழுத்துக் கூட்டத் தெரியாது. என் தந்தை ரயில்வேயில் கிளார்க்காக இருந்தார். எங்கள் வீட்டில் தமிழ்ப் படிப்பு நிலைத்ததற்கு ஒரே காரணம், 'கல்கி' இதழிலிருந்து வாரா வாரம் பிரித்தெடுத்து, மணியம் படங்களோடு அம்மா பைண்டு செய்து வைத்திருந்த 'பொன்னியின் செல்வன்'தான். உங்கள் நூல்கள் வெகுநாள் கழித்து, பென்ஷன் வாங்கத் தொடங்கிய பிறகு என் கைக்கு வந்தன.

2022 செப்டம்பர் கடைசியில் மணிரத்னத்தின் 'பொன்னியின் செல்வன்' படம் வந்தபோது இங்கே எங்கு திரும்பினாலும் சோழர் பேச்சு. லிஃப்டில் ஆதித்த கரிகாலன், காய்கறி வண்டியருகில் குந்தவை. 'அ'னா தெரியாத பையன்கள், சுந்தர சோழருக்கு எத்தனை பிள்ளைகள் என்று தப்பில்லாமல் சொன்னார்கள். நந்தினி எந்த வம்சம் என்றும் கேட்டார்கள். அவள் கல்கி படைத்த பெண், எந்தக் கல்லிலும் இல்லை என்று சொன்னதும் முகம் தொங்கிப் போயிற்று. எது கற்பனை, எது கல்வெட்டு என்று பிரித்துச் சொல்லும் வேலை கொஞ்ச காலம் என் தலையில் விழுந்தது. அப்போது கைகொடுத்தது உங்கள் 'பிற்காலச் சோழர் சரித்திரம்'.

கல்கி தொடரைத் தொடங்கியது 1950இல். உங்கள் சரித்திரத்தின் முதற்பகுதி 1949இல் வந்தது, இரண்டாவது 1951இல், மூன்றாவது நீங்கள் மறைந்த பிறகு 1961இல். நீலகண்ட சாஸ்திரியார் சோழர்களைப் பற்றிய தமது பெருநூலை 1935, 37ஆம் ஆண்டுகளிலேயே வெளியிட்டுவிட்டார். அவர் இல்லாமல் நீங்கள் இல்லை என்று சொல்பவர்களோடு நான் சண்டைக்குப் போக மாட்டேன். ஆனால் அவர் எழுதியது ஆங்கிலத்தில். கும்பகோணத்து ஜவுளிக் கடைக்காரரோ, தமிழ்ப் பண்டிதரோ, என் அம்மாவோ அதை எங்கே படிப்பது? சோழனின் வரலாற்றைச் சோழ நாட்டுக்காரன் படிக்க இன்னொரு நாட்டு மொழி வேண்டியிருந்த காலத்தில், கும்பகோணம் பாணாதுறை உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்துகொண்டு நீங்கள் தமிழில் எழுதினீர்கள். 1930இல் 'முதற் குலோத்துங்க சோழன்', 1940இல் 'பாண்டியர் வரலாறு'. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உங்களை அழைத்துக்கொண்டது 1942இல்தான். அதுவரை, பிள்ளைகளுக்கு இலக்கணம் சொல்லிக் கொடுத்த நேரம் போக மிச்சத்தில் நடந்த வேலை இது.

இன்றைய பிள்ளைகளுக்கு ஒரு விஷயத்தை நம்ப வைக்கவே முடியவில்லை, ஐயா. தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியது இராசராசன் என்பது நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னால் தஞ்சாவூர்க்காரர்களுக்கே தெரியாது என்றால் சிரிக்கிறார்கள். குட்டநோய் தீர்ந்த கரிகாலன் கட்டினான் என்று தலபுராணம் சொல்லிற்று. காடுவெட்டிச் சோழன் என்றும் ஒரு பேச்சு இருந்தது. கோயிலைச் சுற்றிக் கல்லெல்லாம் எழுத்து, படிக்க ஆளில்லை. 1886இல் கல்வெட்டுத் துறைக்கு வந்த ஜெர்மானியர் ஹூல்ஷும் அவரோடு இருந்த வெங்கையாவும் படியெடுத்துப் படித்துப் பதிப்பித்த பிறகுதான் இராசராசன் தன் கோயிலுக்குத் திரும்பி வந்தான். அவன் பேராசிரியர்களின் அறையிலிருந்து தெருவுக்கு இறங்கி வர இன்னும் ஐம்பது ஆண்டு ஆயிற்று. அந்தப் படிக்கட்டில் அவன் கையைப் பிடித்து இறக்கிவிட்டவர்களில் நீங்கள் முக்கியமானவர். தெருவிலிருந்து திரையரங்குக்குக் கூட்டிப் போனவர்களுக்கு மாலை மரியாதை நடந்தாயிற்று.

நீங்கள் பிறந்த ஊரைச் சொன்னால் படம் பார்த்த பிள்ளைகளுக்குக் கண் விரியும். திருப்புறம்பயம். ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பல்லவன் அபராசிதனுக்கும் பாண்டியன் வரகுணனுக்கும் பெரும்போர் நடந்த ஊர். பல்லவன் பக்கம் நின்ற கங்க மன்னன் பிருதிவீபதி அங்கேதான் மாண்டான். அதே பக்கம் நின்ற சோழர், அந்த வெற்றியிலிருந்துதான் தலையெடுத்தார்கள். கல்கி தம் சதிகாரர்களை நள்ளிரவில் கூட்டியது அந்த ஊர்ப் பள்ளிப்படைக் கோயிலில். 1892இல் அங்கே பிறந்த ஒரு பையனுக்கு அரச வம்சங்களின் மேல் நாட்டம் வந்ததில் வியப்பில்லை. ஊர்ப் பெருமையோடு நின்றுவிடாமல், 1946இல் அந்த ஊருக்கே ஒரு தலவரலாறு எழுதிக் கொடுத்தீர்களே, அதுதான் எனக்குப் பிடித்தது.

உங்கள் நடை எளிதன்று, ஐயா. சொல்லிவிடுகிறேன். முதல் முறை படித்தபோது நான்கு பக்கத்துக்கு ஒரு தரம் புத்தகத்தை மூடிவைத்தேன். ஒரு வாக்கியம் முடிவதற்குள் காப்பி ஆறிவிடும். ஆனால் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் நீங்கள் வைத்திருக்கும் குறிப்புகளுக்குப் பழகியதும் நூலை விட முடியவில்லை. மேலே ஒரு செய்தி, கீழே அது எந்தக் கல்வெட்டில், எந்தத் தொகுதியில், என்ன எண்ணில் இருக்கிறது என்ற விவரம். 'நான் சொல்கிறேன், நம்பு' என்று நீங்கள் எங்குமே சொல்வதில்லை. வேண்டுமானால் போய்ப் பார்த்துக்கொள் என்கிறீர்கள். வம்சாவளி எழுதுகிறவர்களிடம் இந்தக் குணம் அபூர்வம்.

அந்த விவரம் ஏன் முக்கியம் என்றால், சோழர் கல்வெட்டுகளில் பெரும்பாலும் சக ஆண்டு இருக்காது; அரசனின் ஆட்சியாண்டு மட்டும் இருக்கும். போதாக்குறைக்குப் பட்டப்பெயரில் ஒருவன் இராசகேசரி என்றால் அடுத்தவன் பரகேசரி, அவனுக்கு அடுத்தவன் மறுபடி இராசகேசரி. அரசனின் வெற்றிகளைப் பாடும் மெய்க்கீர்த்தி தொடங்காத காலத்துக் கல்லில் 'பரகேசரிக்கு யாண்டு இத்தனை' என்று மட்டும் இருந்தால் அது எந்தப் பரகேசரி? எழுத்தின் வடிவம், கல்லில் வரும் அதிகாரியின் பெயர், நாளும் மீனும் சொல்லியிருந்தால் அதைக் கொண்டு போட்ட வானியல் கணக்கு, செப்பேட்டில் வரும் முன்னோர் வரிசை, புலவர் பாட்டு எல்லாவற்றையும் ஒன்றோடொன்று உரசிப் பார்த்துத்தான் ஒரு பெயருக்கு நேரே ஓர் ஆண்டை எழுத முடியும். 1905இல் கிடைத்த திருவாலங்காட்டுச் செப்பேடு 31 ஏடு கொண்டது. அதன் வடமொழிப் பகுதி சூரியனிலிருந்து தொடங்கி இராசேந்திரன் வரை வரும். ஜெயங்கொண்டாரும் கலிங்கத்துப் பரணியில் இராசபாரம்பரியம் என்று ஒரு பகுதியே வைத்தார். இப்படிப் புகழ்ச்சியும் உண்மையும் பின்னிக் கிடக்கும் சடையைச் சிக்கெடுத்து, இன்று பள்ளிப் பிள்ளை மனப்பாடம் செய்யும் ஓர் அட்டவணையாக்குவதற்கு எத்தனை கண்கள் தேய்ந்தன என்று அட்டவணையைப் பார்த்தால் தெரியாது.

ஓர் உதாரணத்தை நான் எல்லோருக்கும் சொல்வேன். 1070இல் சோழ மன்னன் அதிராசேந்திரன் இறந்தான். வேங்கியிலிருந்து வந்த சாளுக்கிய இளவரசன் குலோத்துங்கன் சோழ அரியணையில் அமர்ந்தான். கேட்டவுடன் யாருக்கும் சந்தேகம் வரும். கொன்றுவிட்டானா? மேலைச் சாளுக்கியரின் அவைக்களப் புலவன் பில்கணன் குழப்பத்தில் அதிராசேந்திரன் கொல்லப்பட்டதாகப் பாடினான். அபகரித்தான் என்று எழுதிய ஆய்வாளர்களும் உண்டு. அரசன் நோய் நீங்கி நலம் பெற வேண்டும் என்று கோயிலில் திருப்பதிகம் ஓதுவதற்குச் செய்த ஏற்பாட்டைச் சொல்லும் ஒரு கல்வெட்டை நீங்கள் எடுத்து வைத்தீர்கள். அரண்மனைச் சதிக்கு எதிர்ச்சாட்சியாக ஓதுவாரின் பாட்டு! அந்த ஒரு கல்லோடு வழக்கு முடிந்துவிட்டதா என்றால் இல்லை. மாறுபடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் வாதம் எப்படி நடக்க வேண்டும் என்பதை அந்தப் பக்கங்களில்தான் கற்றுக்கொண்டேன். உடையார்குடிக் கல்வெட்டை வைத்து ஆதித்த கரிகாலன் கொலையில் உத்தம சோழனைச் சந்தேகித்த சாஸ்திரியாரை நீங்கள் மறுத்த இடமும் அப்படித்தான். மறுப்பில் ஒரு கடுஞ்சொல் இல்லை.

இப்போது நான் உங்களுக்குப் பட்டிருக்கும் சொந்தக் கடனுக்கு வருகிறேன். 'முதற் குலோத்துங்க சோழன்' நூல் எனக்குச் செய்ததை வேறெந்த நூலும் செய்யவில்லை. தெலுங்கு நாட்டில் மூன்றாம் தலைமுறையாக வாழும் தமிழச்சிக்கு, 'நீங்கள் எந்த ஊர்?' என்ற கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிடும். தஞ்சாவூர் என்றால் அங்கே வீடில்லை. ஹைதராபாத் என்றால் நம்ப மாட்டார்கள். அந்தச் சமயத்தில் குலோத்துங்கனின் குடும்பத்தை நீங்கள் விரித்துக் காட்டினீர்கள். இராசராசன் தன் மகள் குந்தவையை (படத்தில் வரும் குந்தவை வேறு) வேங்கிச் சாளுக்கியன் விமலாதித்தனுக்குக் கொடுத்தான். அவர்கள் மகன் இராசராச நரேந்திரன். தெலுங்கின் ஆதிகவி நன்னய பட்டரைக் கொண்டு மகாபாரதத்தை எழுத வைத்தவன் இந்த நரேந்திரன்தான். தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியவனின் மகள்வயிற்றுப் பேரன். இராசேந்திர சோழனின் மகள் அம்மங்கதேவியை அவன் மணந்தான். அவர்களுக்குப் பிறந்தவன் குலோத்துங்கன். அவனும் இரண்டாம் இராசேந்திரனின் மகள் மதுராந்தகியை மணந்தான்.

எதிர் ஃப்ளாட்டில் இருக்கும் அக்காவிடம் இதைத் தாளில் வரைந்து காட்டினேன். அவர் தெலுங்குக்காரர், சொந்த ஊர் ஸ்ரீகாகுளம் பக்கம். ஒரு நிமிடம் விரலால் கோடுகளைத் தடவிப் பார்த்துவிட்டு, 'அத்தை மகனைக் கட்டிக்கொண்டாள் அம்மா. மாமன் மகளைக் கட்டிக்கொண்டான் பிள்ளை. மேனரிகம். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை இதேதானே!' என்றார். படித்தவர்கள் பக்கம் பக்கமாக எழுதிய அரசியல் மணவுறவு அவருக்கு அரை நிமிடத்தில் விளங்கிவிட்டது. 'அப்படியென்றால் நன்னயாவுக்குச் சோறு போட்டது உங்கள் பெண்ணா?' என்று கேட்டு, அன்றைக்கு எனக்குக் கோங்கூரா பச்சடி ஒரு கிண்ணம் கூடுதலாகத் தந்தார்.

எதிர்ப்பக்கத்துக் கதையும் உண்டு. இராசேந்திரனின் மெய்க்கீர்த்தியில் அவன் வென்ற ஊர்களுள் கொள்ளிப்பாக்கை வரும். பள்ளியில் படித்தபோது அது எங்கோ இருக்கும் ஊர் என்று விட்டுவிட்டேன். பிறகு தெரிந்தது, வரங்கல் சாலையில் ஆலேரு பக்கம், எங்கள் வீட்டிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கொலனுபாக்கதான் அது. இன்று சமணக் கோயிலுக்காகப் பல ஊர்களிலிருந்தும் ஆட்கள் வந்து போகிறார்கள். சோமேசுவரர் கோயிலும் இருக்கிறது. அக்காவையும் கூட்டிக்கொண்டு போனேன். மேலைச் சாளுக்கியர் காலத்தில் 'கொள்ளிப்பாக்கை ஏழாயிரம்' என்ற பெரும் நாட்டின் தலைநகர் அது. இராசேந்திரன் கைப்பற்றினான். அவன் மகன் இராசாதிராசன் அதற்குத் தீ வைத்ததை அவனுடைய மெய்க்கீர்த்தி பெருமையாகப் பாடுகிறது. தஞ்சாவூரில் உட்கார்ந்து அதைப் படித்தால் மார்பு விம்மும். கொலனுபாக்கக் கோயில் வாசலில், அந்த ஊர்க் கிழவி விற்ற சோளப்பொரியைத் தின்றுகொண்டு படித்தால் விம்மாது.

இந்த இடத்தில் உங்கள் மேல் எனக்கு ஒரு குறை உண்டு. சோழன் ஊரை எரித்தால் உங்கள் பேனா கொஞ்சம் நிமிர்ந்து நடக்கிறது. 1007ஆம் ஆண்டு ஹொட்டூர்க் கல்வெட்டு, சோழப் படை பெண்களையும் குழந்தைகளையும் கொன்றதாகச் சொல்கிறது. பகைவன் எழுதியது, மிகை இருக்கும். ஆனால் நம் மெய்க்கீர்த்தியும் ஒருபக்கச் சாட்சிதானே? நீங்களே கற்றுக்கொடுத்த உரசிப்பார்க்கும் முறையை உங்கள் மேலேயே பிரயோகிக்கிறேன். வருத்தப்பட மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

இந்தத் தெலங்கானா மண்ணிலும் உங்களைப் போல ஒருவர் இருந்தார். பி. வி. பரப்பிரம்ம சாஸ்திரி. இங்கே தொல்லியல் துறையில் இருந்தவர். வரங்கல் காகதீயர்களைப் பற்றி அவர் எழுதிய நூல் 1978இல் வந்தது. ராணி ருத்ரமதேவி எப்போது, எப்படி மறைந்தாள் என்று தெரியாமல் இருந்தது. நல்கொண்டா மாவட்டத்து சந்துபட்லக் கல்வெட்டு 1289 நவம்பரில் எழுதப்பட்டது. ருத்ரமதேவியும் அவள் படைத்தலைவன் மல்லிகார்ச்சுனனும் சிவலோகம் அடைந்ததை முன்னிட்டு விட்ட கொடையைச் சொல்வது. அதை வெளிக்கொணர்ந்து அவள் முடிவுக்கு ஆண்டு குறித்தவர் பரப்பிரம்ம சாஸ்திரியார். இங்கேயும் கதை அதே வழியில்தான் போயிற்று. அடிவி பாபிராஜு 'கோன கன்னா ரெட்டி' என்று காகதீயர் காலத்து நாவல் எழுதினார். 2015இல் குணசேகர் 'ருத்ரமதேவி' படம் எடுத்தார். இசை நம் இளையராஜா. 2014இல் பிறந்த மாநிலம் காகதீயத் தோரணத்தைத் தன் சின்னத்தில் வைத்துக்கொண்டது. ஏரிகளைத் தூர்வாரும் திட்டத்துக்குக் காகதீயர் பெயரையே சூட்டிற்று. 1213இல் கட்டப்பட்ட ராமப்பா கோயிலை 2021இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. என் பேத்தி பள்ளிச் சுற்றுலாவில் போய்வந்து மிதக்கும் செங்கல்லைப் பற்றி மூச்சு விடாமல் பேசினாள். தொல்லியல் துறைக்காரரின் பெயர் அவள் புத்தகத்தில் இல்லை. உங்கள் பெயரும் அங்கே தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் வாயில் இல்லை. சரியாகிவிட்டது கணக்கு.

இந்தக் காகதீயர்களும் சாசனங்களில் தங்கள் முன்னோர் வரிசையில் கரிகால் சோழனைச் சேர்த்துக்கொண்டவர்கள் என்பதைச் சொன்னால் எங்கள் கட்டடத்துத் தமிழ்ப் பெரியவர் ஒருவருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. 'அப்போ எல்லாம் நம்ம ஆளுங்க!' என்றார். இல்லை தாத்தா, அந்தக் காலத்தில் ஆந்திரக் குறுநில மன்னர் பலருக்கும் கரிகாலன் பெயரைச் சொல்லிக்கொள்வது ஒரு கௌரவம், அவ்வளவுதான் என்றேன். என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை இது. என் மகள் கார்டிஃபில் இருக்கிறாள். அங்கே வேல்ஸ்காரர்களுக்கும் தங்கள் பழைய இளவரசர்களை மறந்து மீட்ட கதை உண்டு. அவர்களின் லெவெலின் அப் கிரிஃபித் ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது 1282 டிசம்பரில். நம் மூன்றாம் இராசேந்திரனுக்குக் கடைசியாகக் கிடைக்கும் ஆண்டு 1279. இரண்டு குடியும் மூன்று வருட இடைவெளியில் அணைந்தன. அந்த நாட்டிலும் குலவரிசையைக் காத்தவர்கள் புலவர்கள். யாருக்கு நிலம் என்பதே அங்கே பரம்பரையைப் பொறுத்திருந்தது. 1911இல் ஜான் எட்வர்ட் லாய்டு ஆதாரங்களைச் சலித்து இரண்டு தொகுதி எழுதினார், அவரும் ஆங்கிலத்தில். மகள் அந்த ஊர் அரசர் அட்டவணையைப் போட்டோ எடுத்து அனுப்பினாள். பத்துத் தலைமுறைக்கு அப்பன் பெயரே பெயராக நீள்கிறது. 'பெண்கள் எங்கே?' என்று கேட்டிருந்தாள்.

நல்ல கேள்வி. உங்கள் நூலிலும் எனக்குத் தீராத ஏக்கம் அதுதான். குலோத்துங்கனுக்குச் சோழ அரியணையில் உரிமை வந்ததே பாட்டி, அம்மா வழியாக. குந்தவை பற்றியும் அம்மங்கதேவி பற்றியும் உங்களுக்குக் கிடைத்தது சில வரி. கல் அவ்வளவுதான் பேசியது; நீங்கள் அதற்கு மேல் கற்பனை செய்யவில்லை. நாவலாசிரியர் யாராவது அம்மங்கதேவியை எடுத்துக்கொண்டால் இந்த வாசகி முதல் ஆளாகச் சந்தா கட்டுவாள். சோழ நாட்டிலிருந்து கோதாவரிக் கரைக்குப் போய்க் குடித்தனம் நடத்திய பெண்ணின் கதை மாரெட்பள்ளித் தமிழச்சிகளுக்குப் புரியாமல் போகாது. 1959இல் 'செம்பியன் மாதேவித் தல வரலாறு' எழுதிய நீங்கள் அதை ஒப்புவீர்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இராசராசன் எந்தச் சாதி என்று இன்று போஸ்டர் ஒட்டுகிறார்கள், ஐயா. மூன்று நான்கு சங்கங்கள் ஒரே அரசனுக்கு ஒரே நாளில் வெவ்வேறு பட்டப்பெயரோடு மாலை போடுகின்றன. வாட்ஸாப்பில் தினம் ஒரு புதிய சோழப் பேரரசு வரைபடம் வருகிறது. போன வாரம் வந்ததில் ஜப்பானைத் தொட்டுவிட்டார்கள். அரசர்களைப் பற்றிய அறிவு மக்களிடம் பரவினால் இதுவும் சேர்ந்து வரும் போலும். இதற்குப் பயந்து பழைய ராசாக்கள் கதையே வேண்டாம் என்கிற படித்தவர்களும் இருக்கிறார்கள். நான் அவர்கள் கட்சி இல்லை. அரசனை மறந்தால் அவன் கல்லில் வரும் மற்றவர்களையும் மறப்போம். கோயிலில் அணையாமல் எரியும் நுந்தாவிளக்குக்கு 96 ஆடு விட்ட இடையன், குளம் வெட்டிய வணிகன், ஓதுவார், தச்சன், தளிப்பெண்டு எல்லாம் அந்தக் கல்லில்தானே இருக்கிறார்கள்? உங்கள் அடிக்குறிப்பைப் பிடித்துக்கொண்டு போனால் அவர்கள் வீட்டுத் திண்ணைக்கே போய்ச் சேரலாம். போஸ்டரைப் பிடித்துக்கொண்டு அப்படிப் போக முடியாது.

வாட்ஸாப்பில் வரைபடம் வந்தால் எங்கள் கட்டடத்துப் பிள்ளைகள் இப்போது 'எந்தக் கல்வெட்டு, பாட்டி?' என்று கேட்கிறார்கள். எல்லோரும் இல்லை, கொஞ்சம் பேர். அதில் ஒருத்தி, கேட்டதோடு நிற்காமல், தமிழ் எழுத்துக் கற்றுக்கொள்ள வருகிறாள். அரிச்சுவடியை முடித்ததும் நேரே உங்கள் புத்தகத்தில் இறக்கிவிட்டால் ஓடிவிடுவாள் என்பதால் இப்போதைக்குக் கல்கியில் வைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அக்காவுக்கு 'முதற் குலோத்துங்க சோழன்' படித்துக் காட்டுகிறேன். ஒரு பத்தி தமிழில் படித்து எனக்குத் தெரிந்த செகந்திராபாத் தெலுங்கில் சொல்வேன். அவர் அதைத் திருத்தித் தம் தெலுங்கில் திரும்பச் சொல்வார். குலோத்துங்கன் சுங்கம் தவிர்த்த இடத்தில், 'இப்போது அப்படி ஒருவர் வரக்கூடாதா' என்று பெருமூச்சு விட்டார். சீனத்துக்கு 1077இல் 72 பேரைத் தூதனுப்பிய இடத்தை இரண்டாவது தரம் படிக்கச் சொன்னார். போன வாரம் கலிங்கப் போர் வந்துவிட்டது. 1110ஐ ஒட்டி, கருணாகரத் தொண்டைமான் தலைமையில் சோழப் படை கலிங்கத்தை அழித்ததைத்தான் பரணி பாடியது. கலிங்கநகரம் என்பது ஸ்ரீகாகுளம் மாவட்டத்து முகலிங்கம் என்று சொன்னதும் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். அது அவர் பாட்டி வீட்டுப் பக்கம். சிறுவயதில் சிவராத்திரிக்குப் போன கோயில். 'எங்கள் ஊரைக் கொளுத்தியதற்கா இவ்வளவு பெரிய பாட்டு?' என்று கேட்டார். எனக்குக் கொலனுபாக்கச் சோளப்பொரி நினைவுக்கு வந்தது. பேச்சை மாற்றலாம் என்று கலிங்க மன்னன் அனந்தவர்ம சோடகங்கனின் பெற்றோரைப் பார்த்தேன். அவன் தாய் ராஜசுந்தரி, சோழ இளவரசி. அதைச் சொன்னேன். அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, 'சரிதான். இதுவும் மாமன் வீட்டுச் சண்டை. மேலே படி' என்றார்.


உங்கள் வாசகி,
மேற்கு மாரெட்பள்ளி, செகந்திராபாத்